டியூப்லைட்டில் எழுதிய பெயர்

அந்தக் கொய்யாப்பழத்தை நான் வாங்கியிருக்கக் கூடாது, இல்லையா அக்கா. நீங்கள் முதலில் பழத்தைக் கொடுத்தீர்கள், பிறகுதான் எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது பாதி தின்றாகிவிட்டது. துட்டி வீட்டுக்கு, சாவு வீட்டுக்குப் போகிற பெண், அதுவும் சொந்த அப்பாவின் துட்டிக்குப் போகிற பெண், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தொட்டுக் கொய்யாப்பழம் தின்கிறாள். நீங்கள் அப்படிப் பார்ப்பதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இல்லை, நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டேன். அதோ, அந்த அரிசி ஆலைக்கு அடுத்த தெரு. கொட்டுச் சத்தம் வருகிறதே, அந்த வீடுதான். போக வேண்டும். போவேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன், வெயிலாக இருக்கிறது.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். அதற்கு முன்னால் அம்மாவுக்கு நான் ஒரு தகவல் சொல்ல வேண்டும். அம்மா சிவகாசியில் இருக்கிறாள். தலைக்குக் குளித்து, வெளியே போகிற சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம் ஆகும். என்னை அனுப்பும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான். "போஸ்டர் அடிச்சிருப்பாங்க. கீழ குடும்பத்தினர்னு போட்டு வரிசையாப் பேரு இருக்கும். அதுல எம்பேரு இருக்கான்னு பாரு. இருந்தா போன் போடு, வாரேன். இல்லைன்னா நீ மட்டும் முகத்தப் பார்த்துட்டு வந்திரு."

போஸ்டர் இருக்கிறது. நாம் சாய்ந்திருக்கிற இந்தச் சுவருக்குப் பின்பக்கம்தான் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். நானும் இறங்கினவுடன் பார்த்தேன். மேலே போட்டோவைப் பார்த்தேன். மீசை வைத்திருக்கிறார். எங்களோடு இருந்தபோது மீசை இல்லை. கீழே பார்ப்பதற்குள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், அப்படியெல்லாம் எதுவும் இல்லை. காலையில் போன் வந்ததிலிருந்து நானும் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, கிள்ளிப் பார்த்தால் வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி. காரணம் எனக்குத் தெரியும். அப்பாவுக்காக அழ வேண்டியதை எல்லாம் நான் நான்காம் வகுப்பிலேயே அழுது முடித்துவிட்டேன்.

நேற்றுத்தான் இறந்தார். ஆமாம். நேற்றுச் சாயங்காலம், கடையில் வைத்து. நான் அழுதது நான்காம் வகுப்பில். குழப்பமாகத்தான் இருக்கும். உங்கள் தென்காசி பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறதா? சரி, சொல்கிறேன். நான் பொதுவாக யாரிடமும் இவ்வளவு பேசமாட்டேன். கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அப்பா சேவு மாஸ்டர். மிட்டாய்க் கடையில் காராச்சேவு போடுகிறவர். அப்பா கை பட்டால் சேவு வாயில் வைத்ததும் கரையும் என்பார்கள். அதனால் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது இந்தப் பக்கத்தில் ஒரு கடைக்கு வந்தார். முதலில் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். பிறகு பண்டிகைக்கு மட்டும். பிறகு போன் மட்டும். பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் அம்மாவும் மாமாவும் அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். என்னை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அம்மாவின் கண் இமை தடித்துப்போயிருந்தது. அப்பா வரலையா என்று கேட்டேன். "வேலையா இருக்காங்க" என்று மாமா சொன்னார். அம்மா நேராக உள்ளே போனாள். அதோடு நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்கிற குழந்தை இல்லை நான். பார்த்துத் தெரிந்துகொள்கிற குழந்தை. எல்லோரும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். "மாரீஸ்வரி ஒண்ணுமே கேக்க மாட்டா, எல்லாத்தையும் கவனிச்சிருவா" என்று.

அப்படிக் கவனித்துத் தெரிந்துகொண்டதுதான் அந்தச் சொல்.

உபயம். கோவில்களில் பார்த்திருப்பீர்கள். டியூப்லைட் மேலேயே சிவப்புப் பெயிண்டில், உபயம் என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருப்பார்கள். பெயர் நீளமாக இருந்தால் பாதி வெளிச்சம் அதிலேயே போய்விடும். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வந்த புதிதில் எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் டியூப்லைட்டைத்தான் வாசித்துப் பழகினேன். உபயம், பெ. குருவம்மாள். குருவம்மாள் என்பவர் எங்கள் தெருவில் இட்லி விற்றவர். அவர் இறந்து, தூக்கிக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு எங்கள் பள்ளிக்கூடத்து ஃபேன். அதன் மேல் உபயம் போட்டுப் பழைய தலைமையாசிரியர் பெயர். அவர் இறந்ததற்கு எங்களை எல்லாம் அந்த ஃபேனுக்குக் கீழேதான் வரிசையாக நிற்க வைத்து மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உபயம் என்று இருந்த பெயர்க்காரரும் இல்லை, அவர் வீட்டில் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

எங்கே அந்தச் சொல் இருந்ததோ அங்கே ஆள் இல்லை. எனக்கு அது போதும். செத்துப்போனவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற சொல் அது என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தெரியாத சொல்லைத்தான் கேட்பார்கள். எனக்கு அது தெரிந்த சொல்.

சிரிக்கலாம் அக்கா. பரவாயில்லை. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதற்கும் வருகிறேன்.

நான்காம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை லீவில் மாமா மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அத்தை தன் பிறந்த வீட்டுக் குலசாமிக்கு நேர்ந்திருந்தாள், அந்தக் கோவில் இந்தப் பக்கம்தான். இந்த ரோட்டிலேயே போனால் ஒரு கண்மாய் வரும், அதன் கரையில். கிடா வெட்டி, மண்டபத்தில் பந்தி. நானும் அம்மாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். பகல்தான், ஆனாலும் மண்டபத்துக்குள் இருட்டு. யாரோ ஸ்விட்ச் போட்டார்கள். எனக்கு நேர் எதிரே சுவரில் ஒரு டியூப்லைட் இரண்டு மூன்று தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது.

உபயம். ந. சிவனணைந்தபெருமாள் குடும்பத்தினர்.

அப்பா பெயர் அதுதான். போஸ்டரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்பிலேயே நீளமான அப்பா பெயர் என்னுடையதுதான். டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் போர்டில் எழுதச் சொல்வார், தப்பில்லாமல் எழுதுவேன், எல்லோரும் கை தட்டுவார்கள். அதனால் வாசிப்பதில் தப்பு நடக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பெயரில், அந்த இனிஷியலோடு, இன்னொருவர் இருக்கவும் முடியாது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். அவள் கையில் சோறு இருந்தது. அதை இலையிலேயே வைத்தாள்.

"இலையப் பார்த்துச் சாப்பிடு" என்றாள்.

அவ்வளவுதான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை. இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனவள் ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றாள்.

எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது அக்கா. மாமாவும் அம்மாவும் இரண்டு நாள் எங்கே போனார்கள் என்பது. கண் ஏன் தடித்திருந்தது என்பது. போன் ஏன் நின்றது என்பது. அப்பா வெளியூரில் இறந்துபோய்விட்டார், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், சின்னப் பிள்ளை தாங்கமாட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. குடும்பத்தினர் என்றால் நானும் அம்மாவும். அஞ்சலி போஸ்டர்களில் கடைசியில் அப்படித்தானே போடுவார்கள், குடும்பத்தினர் என்று. அம்மா எனக்குத் தெரியாமல் பணம் கட்டி அப்பாவுக்காக ஒரு டியூப்லைட் போட்டிருக்கிறாள். எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அதே சமயம், அந்த விளக்கில் நானும் இருக்கிறேன் என்பது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பெயர் போடவில்லை என்றாலும், குடும்பத்தினர் என்றால் நான்தானே.

அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். அம்மா எனக்காக மறைக்கிறாள், நான் அம்மாவுக்காக மறைக்க வேண்டும்.

அம்மா காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தினசரி காலண்டர் தாள்களை அடுக்கி மேலே தகரம் அடிப்பது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், தாள் கட்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அங்கேதான் அழுதேன். தகரம் அடிக்கிற சத்தத்தில் எதுவும் வெளியே கேட்காது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து, மழைக்காலம் முடியும்வரை அழுதேன் என்று நினைக்கிறேன். தாள் நனைந்தால் திட்டுவார்கள், அதனால் பாவாடையை முகத்தில் வைத்துக்கொள்வேன். பிறகு ஒருநாள் போய் உட்கார்ந்தேன், அழுகை வரவில்லை. கணக்கு மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அதோடு முடிந்தது.

அமாவாசைக்கு எதிர்வீட்டில் காக்காவுக்குச் சோறு வைப்பார்கள். எங்கள் வீட்டில் வைக்கவில்லை. அம்மா மறைக்கிறாள், அவளால் வைக்க முடியாது, அப்படியானால் நான்தான் வைக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் காராச்சேவு வைப்பேன். அப்பாவுக்குச் சோறை விட அது பொருத்தம் என்று தோன்றியது. கடையில் சின்னப் பொட்டலம் வாங்கி, உடைத்து, வரிசையாக. காக்கா ஒவ்வொரு முறையும் வந்து எடுத்தது அக்கா. ஒருதடவை கூட எடுக்காமல் போனதில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்பா அப்போது இங்கே, அந்தத் தெருவில், சேவு போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொன்று சொல்கிறேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்து, நெற்றியில் இவ்வளவு பெரிய குங்குமம் வைப்பாள். தாலியிலும் வைத்துக்கொள்வாள். எனக்காக இப்படி நடிக்கிறாளே என்று இருக்கும். ஆறாம் வகுப்பில் என்று நினைக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமை குங்குமச் சிமிழை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். ஒருநாளாவது அம்மா நடிக்காமல் இருக்கட்டும் என்று. அம்மா வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"யாரு செத்துப்போனான்னு இத எடுத்து ஒளிச்ச?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடித்தாள். அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஒரு நிமிடம் அக்கா. அம்மாதான்.

சொல்லுங்கம்மா. இல்லம்மா, இன்னும் வந்து சேரலை. வழியில பஸ் நிக்குது. ரயில்வே கேட்டு. தெரியலைம்மா, இப்ப திறந்திருவாங்க. சாப்பிட்டேன். இறங்குனதும் பார்த்துச் சொல்றேன். சரி. நீங்க ஏதாவது சாப்பிடுங்க. சரிம்மா.

ரயில்வே கேட்டு என்று வாயில் வந்துவிட்டது.

எங்கே விட்டேன். ஆமாம். குங்குமம். அடுத்து கல்லூரி.

கடைசி வருடம் எங்கள் வகுப்பு சேர்ந்து எங்கள் துறைக்கு ஒரு தண்ணீர் மெஷின் வாங்கிக் கொடுத்தது. மெஷினுக்கு மேலே சுவரில் பெயர் எழுத ஒரு பெயிண்டர் அண்ணன் வந்தார். "அன்பளிப்புன்னு போடவா, உபயம்னு போடவா" என்று கேட்டார். பெனிட்டா என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவள். "உபயம்னே போடுங்கண்ணே, அதான் கெத்தா இருக்கும்" என்றாள். அண்ணன் உ எழுதிவிட்டார்.

நான் வாய் திறக்கிற ஆளே இல்லை. அன்றைக்கு எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. அபசகுனமாக இருக்கிறதே என்று. "நாமெல்லாம் உயிரோடதானே இருக்கோம், நமக்கு எப்படி உபயம்னு போட முடியும்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பெயிண்டர் அண்ணன் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "ஏம்மா, செத்துப்போனவங்க எந்திரிச்சு வந்து மெஷின் வாங்கித் தருவாங்களா? குடுக்கிறவங்க பேருக்குத்தாம்மா உபயம்னு போடுவாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெனிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள் இல்லையா. அன்றிலிருந்து கல்லூரி முடியும்வரை எனக்கு அதுதான் பெயர். "என்னடி உபயம், சாப்டியா?" "உபயம், நோட்டு குடுடி." பாசமாகத்தான் கூப்பிடுவார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மனது ஒரு பக்கம் வாசித்துக்கொண்டிருந்தது. ந. சிவனணைந்தபெருமாள் குடும்பத்தினர். கொடுத்தவர் அப்பா. அப்படியானால் அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதுதான் புரிந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன் அக்கா, உண்மையாகவே காத்திருந்தேன். அதற்குள் அடுத்த சொல் புரிந்துவிட்டது. நானும் அம்மாவும் அந்த விளக்குக்குப் பணம் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் குடும்பத்தினர் நாங்கள் இல்லை.

அந்த வார லீவில் வீட்டுக்குப் போனேன். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அடுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, உபயம்னா என்னம்மா என்று கேட்டேன்.

அம்மா கை நிற்கவில்லை. "குடுக்கிறவங்க பேரு" என்றாள். பிறகு, "அன்னைக்கு நீ அந்த லைட்டையே பார்த்துக்கிட்டு இருந்த. அப்பவே எனக்குத் தெரியும், உனக்கு எல்லாம் புரிஞ்சிருச்சுன்னு. அதான் அதுக்கப்புறம் ஒருநாள்கூட அப்பா எங்கன்னு நீ கேக்கல. இந்த வயசுல இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு அழுத்தம்னு நினைச்சுக்கிடுவேன். நீ கேட்டிருந்தா நான் ஒடைஞ்சு போயிருப்பேன்" என்றாள்.

நான் தாளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். எனக்குப் புரியவில்லை அம்மா, நான் வேறு என்னவோ நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காக்காவுக்குச் சேவு வைத்ததைச் சொல்ல வேண்டும். குங்குமச் சிமிழைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கிற அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது. அவளுக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இல்லை, அதற்குப் பிறகும் நான் அப்பாவைப் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் இருந்தது. பார்த்திருக்கலாம். சிவகாசியிலிருந்து ஒரே பஸ். ஆடிட்டர் ஆபீசில் வேலை எனக்கு, ஞாயிற்றுக்கிழமை லீவுதான். கிளம்பலாம் என்று நினைப்பேன், துணி துவைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இல்லாத அப்பாவோடு எனக்குப் பழகிப்போயிருந்தது. இருக்கிற அப்பாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. போய் நின்று என்ன கேட்பது? கால் கிலோ சேவு என்றா?

இன்று காலையில் ஒரு பெண் போன் செய்தாள். சின்னக் குரல். எடுத்ததும், "அக்கா" என்றாள். ராங் நம்பர் என்று நினைத்தேன். என்னை யாரும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள், எனக்குப் பின்னால் யாரும் பிறக்கவில்லையே. "அக்கா, நான் தர்ஷினி. அப்பா தவறிட்டாங்க" என்றாள். பிறகு அழுதாள். நான் சரி, சரி என்று சொன்னேன். அந்தப் பெண் அழுவதைக் கேட்கும்போது எனக்குத் தாள்கட்டு அறைதான் ஞாபகம் வந்தது. என் நம்பர் அப்பாவின் போனில் மாரீஸ்வரி என்று இருந்ததாம். எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து சேலை எடுத்துக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லை போல.

அதற்குப் பிறகுதான் அந்தப் போஸ்டரைப் பார்க்கச் சொன்னாள். நான் சொன்னேன், பேர் இருந்தா என்ன இல்லாட்டி என்னம்மா, வாங்க, ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம் என்று. அம்மா கேட்கவில்லை. "கூப்பிடாத எடத்துக்கு நான் போகமாட்டேன். ஆனா எம்பேரப் போட்டுருந்தா, அது கூப்பிட்ட மாதிரிதான்" என்றாள். பேர் இல்லை என்று நான் சொன்னால், அவள் அந்தச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நாளைக்குக் கம்பெனிக்குப் போய்த் தகரம் அடிப்பாள். குங்குமத்தை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவளும் சொல்லவில்லை.

இருக்கிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வந்து இறங்கியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பாள்.

மணி என்ன அக்கா? ஒன்றரையா. இப்போது கிளம்பினால்கூட அவள் வந்து சேர மூன்றரை ஆகிவிடும்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. அழுகையும் வரவில்லை, பார்க்கிறீர்கள் அல்லவா. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம். கால் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அப்படி ஆகும்.

அதோ வளைவில் வருகிறதே, அது உங்கள் பஸ்தானே. தென்காசி என்றுதான் போட்டிருக்கிற மாதிரி இருக்கிறது. சரியாகத்தான் வாசிக்கிறேனா? ஆமாம், தென்காசிதான்.

அக்கா, ஒரு உதவி. ஏறுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போய் அந்தப் போஸ்டரை வாசித்துவிட்டு வருகிறீர்களா? படிக்காத பெண் என்று நினைக்காதீர்கள், நான் பி.காம். நான் வாசித்தால் எப்படி வாசிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை, அதற்குத்தான். மேலே போட்டோ, வருந்துகிறோம் என்பதெல்லாம் வேண்டாம். கீழே குடும்பத்தினர் என்று இருக்கும், அதிலிருந்து பாருங்கள். என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ராஜகனி. அம்மா பெயர் ராஜகனி. முதலில் அதைப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வாசியுங்கள், அவசரமே இல்லை. போங்கள், பையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். பஸ் போய்விடாது. நான் ரோட்டில் இறங்கி நின்று கை காட்டி நிறுத்தி வைக்கிறேன்.